உரோமைக்குச் செல்லும் யாத்திரிகருக்கு



ஐரோப்பிய நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் பலர், தாயகத்திலிருந்து பெற்றோரை அழைத்து ஒருமுறையேனும் உரோமையையும் பாதுவாவையும் காட்டிவிட விரும்புகின்றனர். பாராட்டுதற்குரிய ஆசை அது. ஆயினும் ஐந்து நாட்களில் ஐந்து நகர்கள் என வகுக்கப்படும் திட்டத்தில், எழுபது வயதுத் தாய் எங்கே அமர்வார், எங்கே செபிப்பார் என்பதற்கு இடமிருப்பதில்லை. வாழ்நாளில் ஒருமுறை கிட்டும் பயணம் களைப்பாகவும் நிழற்படங்களாகவும் முடிந்துவிடலாகாது.

இதற்கு உரோமையிலேயே ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 16ஆம் நூற்றாண்டில் புனித பிலிப்பு நேரியார், மக்களைத் திரட்டி ஏழு தேவாலயங்களுக்குக் கால்நடையாக அழைத்துச் சென்றார். வழி ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஆனால் நடுவழியில் தோட்டமொன்றில் எல்லோரும் அமர்ந்து உண்டு, பாடி, இளைப்பாறிய பின்னரே நடை தொடர்ந்தது. அவரது ஓறட்டோரியன் மரபில் வந்தவரே, 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்ட நம் யோசேப் வாஸ் அடிகளார்.

இன்று முதியோருடன் செல்பவர்கள் அந்த ஏழு ஆலயங்களையும் ஒரே நாளில் முடிக்க முயலவேண்டாம். மூன்று காலைப் பொழுதுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நிலக்கீழ் புகையிரதத்தின் 'ஏ' பாதையில் ஒத்தாவியானோ நிலையத்தில் இறங்கினால் புனித பேதுரு பேராலயத்திற்கு நடந்து செல்லலாம். அதே பாதையில் சான் ஜொவான்னி நிலையம் இலாத்தரன் பேராலயத்திற்கு அருகிலுள்ளது. அங்கிருந்து திருச்சிலுவை ஆலயம் சிறு நடைதூரமே. திருத்தந்தை பிரான்சிஸ் 2025இல் அடக்கம் செய்யப்பட்ட மரியன்னை பேராலயம், தெர்மினி பிரதான நிலையத்திற்குச் சமீபமானது. புனித பவுல் பேராலயத்திற்கு 'பி' பாதை செல்கிறது. சாதாரண நகரப் பயணச்சீட்டு, இயந்திரத்தில் பதிந்த நேரத்திலிருந்து 100 நிமிடங்கள் செல்லுபடியாகும். பதியாமல் பஸ்ஸில் பயணித்தால் தண்டம் உண்டு. வத்திக்கான் நூதனசாலை, மாதத்தின் இறுதி ஞாயிறு தவிர்ந்த ஏனைய ஞாயிறுகளில் மூடப்பட்டிருக்கும். ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும்.

சொந்த வாகனத்தில் வருவோர் ஒன்றை மறக்கவேண்டாம். புளோரன்ஸ் முதலிய பழைய நகர்களின் மையப் பகுதிகளுக்குள் அனுமதியற்ற வாகனங்கள் நுழைவதைக் கமராக்கள் பதிவுசெய்கின்றன. தண்டப் பத்திரம் பின்னர் வீட்டுக்கே வந்துசேரும். வாகனத்தை வெளியே நிறுத்திவிட்டுச் செல்வதே உத்தமம்.

அசிசியில் புகையிரத நிலையம் சமவெளியில் இருக்கிறது. புனித பிரான்சிஸ் உயிர்நீத்த இடத்தைத் தன்னுள் கொண்ட தூதர்களின் மரியன்னை பேராலயம் அதன் அருகிலேயே உள்ளது. பின்னர் பஸ்ஸில் மலை மேலுள்ள மத்தேயொத்தி சதுக்கம் வரை சென்று, அங்கிருந்து புனிதரின் கல்லறை நோக்கி இறங்கி நடந்தால் முதியோரின் முழங்கால்கள் தப்பும்.

பாதுவாவில் நிலையத்திலிருந்து ட்ராம் வண்டி அந்தோனியார் பேராலயப் பக்கமாகச் செல்கிறது. ஜொத்தோவின் ஓவியங்கள் நிறைந்த ஸ்குறோவெஞ்ஞி சிற்றாலயத்திற்கு மட்டும் முன்பதிவு அவசியம். அங்கே உட்செல்லுமுன் சிறு குழுக்களாக ஓர் அறையில் சுமார் 15 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஈரப்பதமும் தூசியும் ஓவியங்களைச் சேதப்படுத்தாதிருக்கவே இந்த ஏற்பாடு.

பெத்தானியாவில் மார்த்தா பணிவிடையில் பரபரப்பானாள். மரியா ஆண்டவரின் பாதத்தருகே அமர்ந்திருந்தாள். யாத்திரைக்கு இருவருமே தேவை. மார்த்தாவின் வேலையைப் புறப்படுமுன் வீட்டிலேயே முடித்துவிடுங்கள்: நேரம், சீட்டு, முன்பதிவு, பாதை. சென்ற பின் மரியாவுக்கு இடம் கொடுங்கள். குழுவில் மிக மெதுவாக நடப்பவர் எவரோ, அவருடைய நடையே நாளின் அளவாக இருக்கட்டும். ஒரு நாளில் ஓர் ஆலயத்திலேனும் கடிகாரத்தைப் பாராது அமர்ந்திருங்கள்.

கொச்சிக்கடையில் ஆண்டாண்டாய் மெழுகுதிரி ஏற்றிய தாய், பாதுவாவில் அந்தோனியாரின் கல்லறைக் கல்லில் கைவைத்து நிற்கும்போது, அடுத்த புகையிரதத்திற்காக அவரை அவசரப்படுத்தாதீர்கள். வெனிஸைப் பாராமல் திரும்பினாலும் அவருக்குக் குறையொன்றுமில்லை.