படக்கோப்பின் உள்ளமைப்பு – 7: சிறுபடத்துக்கு உரிய இடம்

ஜேபெக் கோப்பு பல பகுதிகளாக அமைந்திருப்பதையும், அவற்றுள் பெரும்பாலானவற்றின் முகப்பில் அந்தந்தப் பகுதியின் நீளம் எழுதப்பட்டிருப்பதையும் சென்ற வாரம் கண்டோம். அந்த நீளத்தை எழுதுவதற்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே பைட்டுகள். அவற்றில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 65,535. நீளத்தைச் சொல்லும் அவ்விரண்டு பைட்டுகளும் இந்தக் கணக்கிலேயே அடங்குவதாலும், படத்தைப் பற்றிய தகவல்களைத் தாங்கும் எக்ஸிஃப் பகுதியில் எக்ஸிஃப் என்ற அடையாளத்துக்கு மேலும் ஆறு செலவாவதாலும், எஞ்சுவது 65,527 மட்டுமே. படம் எடுத்த நேரம், லென்ஸின் விவரம், இடக்குறிப்பு, கேமரா நிறுவனம் தன் உபயோகத்துக்கென்று பதித்துவைக்கும் மேக்கர்நோட் ஆகிய அனைத்தும், இவற்றோடு தம்ப்நெயில் என்னும் சிறுபடமும், அந்த இடத்துக்குள்ளேயே அடங்கியாக வேண்டும்.

சம்பிரதாயமான சிறுபடத்தின் அளவு 160-க்கு 120 புள்ளிகள். சுருக்காமல் வைத்தாலும் 57,600 பைட்டுகளே ஆகும். ஜேபெக் முறையில் சுருக்கினால் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். அப்படியிருந்தும் இடம் போதாமல் போவதற்குப் பிரதான காரணம், முழுப்படத்தைச் சேமிக்கும் அதே வழியில் சிறுபடத்தையும் சேமித்து, அதன் வயிற்றுக்குள் வண்ண புரொஃபைலையும் மெட்டாடேட்டா எனப்படும் இத்தகவல்களின் இன்னொரு பிரதியையும் திணித்துவிடும் மென்பொருள்களே. சிறுபடத்துக்குள் இத்தகைய உபரிகள் வேண்டாம் என்றே எக்ஸிஃப் தரம் பரிந்துரைக்கிறது.

எல்லை மீறினால் நேரும் அனர்த்தம் சாமானியமானதல்ல. நீளம் 70,000 என்று வந்ததைச் சோதிக்காமல் இரண்டு பைட்டுகளுக்குள் எழுதினால், 65,536 கழிந்து, 4,464 என்ற எண்ணே கோப்பில் பதியும். அதை நம்பி அத்தனை பைட்டுகளைத் தாண்டி அடுத்த பகுதியைத் தேடும் நிரல், எக்ஸிஃப் தகவல்களின் நடுவிலேயே போய் விழுந்து, ஒரு புள்ளியும் கெடாத முழுப்படத்தைச் சேதமடைந்தது என்று அறிவித்துவிடும்.

ஆகவே, கோப்பில் கைவைப்பதற்கு முன்னரே மற்றத் தகவல்களின் நீளத்தைக் கூட்டிப் பார்த்து, மிச்சமுள்ளதையே சிறுபடத்தின் உரிமையாகக் கொள்ளவேண்டும். சிறுபடம் அதை மீறினால், முதலில் புரொஃபைல் முதலிய உபரிகளைக் களைந்து, பின்னர் ஜேபெக் சுருக்கத்தின் தரத்தை 85-இலிருந்து 75, 60 என்று படிப்படியாகத் தாழ்த்தி, அப்பாலும் தாழ்த்தினால் படம் கட்டம் கட்டமாகச் சிதைந்து தெரியும் என்பதால், அதன் நீள அகலத்தைக் குறைத்துப் பார்க்கலாம். எதுவும் பலிக்காவிடில் சிறுபடத்தையே விட்டுவிடுவதுதான் உத்தமம். முழுப்படம் இருக்கும்வரை சிறுபடத்தை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் உண்டாக்கிக்கொள்ளலாம். எடுத்த நேரத்தையும் மேக்கர்நோட்டையும் இழந்தால் எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. அவற்றை அழித்துச் சிறுபடத்துக்கு இடம் தேடுவதும், எல்லை வந்த இடத்தில் சிறுபடத்தைப் பாதியில் அறுத்துவிடுவதும் அறவே கூடாதவை.

விட்டுவிடும்போது, முன்பிருந்த சிறுபடத்தையும், அதன் இருப்பிடத்தையும் நீளத்தையும் காட்டும் குறிப்புகளையும் சேர்த்தே நீக்கவேண்டும். இது மிக முக்கியம். உரிமையாளர் வேண்டாமென்று வெட்டியெறிந்த முகமோ வீட்டெண்ணோ, கோப்புக்குள் கிடக்கும் பழைய சிறுபடத்தின் வழியாக வெளிப்பட்டுவிட இடமுண்டு.

பெரிய முன்னோட்டப் படமே தேவையென்போருக்காக, ஜப்பானின் சிபா சங்கம் 2009-இல் வெளியிட்ட எம்.பி.எஃப். முறை, அதை முழுப்படம் முடிந்த இடத்துக்குப் பின்னால் வைத்து இந்த எல்லையிலிருந்து விடுவித்தது. அதன் அமைப்பை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.