நின்ற வண்டிக்குள் நடந்தவை

பழைய இரும்பு எஞ்சின் புல்லட்டைக் கிளப்ப ஆள் வாட்டசாட்டமாக இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் உண்டு. ஒல்லியான வயதான மெக்கானிக் ஒருவர் செருப்புக் காலோடு ஒரே மிதியில் அதைக் கிளப்பிவிட்டு டீ குடிக்கப் போவதையும் அதே ஊர்கள் பார்த்திருக்கின்றன. இரண்டில் எது சரி என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புல்லட் 350-ன் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் தலைப்பரப்பு சுமார் 38 சதுர சென்டிமீட்டர். அழுத்தப்பட்ட காற்று ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ வீதம் எதிர்த்து நின்றால்கூட, பிஸ்டன் தலையில் ஏறி உட்காரும் பாரம் 260 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தைக் காலால் எதிர்த்து ஜெயிக்கப் பார்ப்பவர் முழங்காலைத்தான் கெடுத்துக்கொள்வார். மெக்கானிக் அதை எதிர்ப்பதே இல்லை.

அவர் செய்வது என்ன என்பதற்கு முன், வண்டி சும்மா நின்ற மாதங்களில் அதற்குள் என்ன நடந்தது என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் சும்மா நிற்கிற வண்டி உண்மையில் சும்மா நிற்பதில்லை.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-ல் கைகோத்ததிலிருந்து தொடங்கி, திருவொற்றியூரில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த வண்டி பூட்டப்பட்டது. ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்ட பிறகும் இங்கே நிற்கவில்லை. 2008-க்குப் பிறகு வந்த புதிய எஞ்சின்கள்தான் இரும்பு எஞ்சினை மெல்ல ஓரங்கட்டின. ஆகவே கொட்டகையிலும் மாடிப்படிக்கு அடியிலும் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய புல்லட்டுகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அப்பா ஓட்டியது, தாத்தா ராணுவ ஏலத்தில் எடுத்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். எல்லாவற்றுக்குள்ளும் நடந்த வேதியியல் மட்டும் ஒன்றுதான்.

முதலில் கெடுவது பெட்ரோல். பெட்ரோல் என்பது ஒற்றைத் திரவம் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதில் சில, சித்திரை வெயில் சூட்டிலேயே கொதித்துவிடும். சில, 200 டிகிரி தொட்டால்தான் கொதிக்கும். குளிர்ந்த எஞ்சினில் பற்றிக்கொள்வது அந்த முதல் வகைதான், ஏனென்றால் திரவப் பெட்ரோல் எரியாது, அதன் ஆவிதான் எரியும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்துக்கு வெளிக்காற்றோடு தொடர்பு உண்டு. அதிலிருந்து முதலில் கிளம்பிப் போவதும் அதே இலகுவான பங்குதான். சில வாரங்களில் மிஞ்சுவது பெட்ரோல் வாசனை உள்ள, ஆனால் பற்றிக்கொள்ள மனமில்லாத ஒரு திரவம். அதையும் காற்றின் ஆக்சிஜன் விட்டுவைக்காது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பழுப்பு நிறப் பிசினாகின்றன. திறந்தால் பழைய வார்னிஷ் டப்பாவின் நெடி அடிக்கும்.

அந்தப் பிசின் போய் உட்காரும் இடம்தான் வில்லங்கம். கார்புரேட்டருக்குள் பைலட் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு இருக்கிறது. அதன் துளை ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. எஞ்சின் மெல்ல உறுமி நிற்பதற்கான பெட்ரோல் அந்தத் துளை வழியாகத்தான் போகிறது. அதில் மெல்லிய பூச்சாகப் பிசின் படிந்தாலே வழி அடைந்துவிடும். ஆகவே வெகுநாள் நின்ற வண்டியைத் தொட்டவுடன் மிதிக்கத் தொடங்குவது வீண். டேங்க் காலியாக வேண்டும், கிண்ணம் கழற்றப்பட வேண்டும், ஜெட் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரும் காற்று அழுத்தமும் போதும்.

இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனாலும் இருக்கிறது. இந்தியாவில் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் உயிர். காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் ஈரம் சேர்ந்துவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் கூட்டணி அமைத்துப் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். பெட்ரோல் குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. இந்த எஞ்சின் வரையப்பட்ட காலத்தில் இதையெல்லாம் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன் பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் எத்தனாலில் உப்பிப்போவதைப் பார்த்தால் அது தெரியும்.

சிலிண்டருக்குள் இன்னொரு கதை. இது வார்ப்பிரும்பு சிலிண்டர். அதன் சுவரில் ஒட்டியிருந்த ஆயில் படலம் நாளடைவில் வழிந்து இறங்கிவிடுகிறது. நிறுத்தியபோது ஏதாவது ஒரு வால்வு திறந்திருந்தால், சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று நேரே உள்ளே வந்துபோகும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சுவரைத் தொடும் இடத்தில் துரு பிடித்து, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் வண்டியை நிறுத்தும்போதே கம்ப்ரஷன் உச்சியில், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தி மேலே வந்து நிற்கும் நிலையில், விட்டு நிறுத்துவார்கள். அந்த நிலையில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். காசு செலவில்லாத இந்த ஒரு காரியம் பல சிலிண்டர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

கிளப்புவதற்கு முன் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். உலர்ந்த ரிங்குகளுக்கு ஆயில் கிடைக்கிறது. ரிங்குக்கும் சுவருக்கும் இடையே உள்ள கசிவை அது தற்காலிகமாக அடைப்பதால் கம்ப்ரஷனும் கூடுகிறது.

புல்லட்டுக்கே உரிய ஒரு தொந்தரவையும் சொல்ல வேண்டும். இதன் ஆயில் இருப்பறை எஞ்சின் வார்ப்புக்குள்ளேயே, கிராங்க் அறைக்குப் பின்னால் இருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப்பின் இடுக்கு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். ஆயில் குறைந்துவிட்டதாக நினைத்து மேலும் ஊற்றுபவர்கள் உண்டு. உள்ளே கிராங்கோடு சுற்றும் இரும்புச் சக்கரங்கள் ஆயில் குளத்தில் நிற்கும்போது கிக்கரை மிதித்தால் களிமண்ணில் கால் வைத்ததுபோல இருக்கும். கிராங்க் அறையின் அடி போல்ட்டைத் திறந்து அதை வடித்துவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

பேட்டரியைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஈய அமில பேட்டரி எதையும் ஓட்டாமலேயே தன் சார்ஜை இழக்கும், அப்படியே விட்டால் தகடுகளில் சல்பேட் படிகங்கள் கெட்டியாகிவிடும். பாயிண்ட் வைத்த வண்டிக்கு பேட்டரியில் உயிர் இல்லையென்றால் பொறியும் இல்லை.

பாயிண்ட்தான் இந்த எஞ்சினின் அழகான பகுதி என்பது என் எண்ணம். இரண்டு சின்ன உலோகத் தலைகள், ஒன்றையொன்று தொட்டு விலகும். தொட்டிருக்கும்போது பேட்டரி மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடி ஒரு காந்தப்புலத்தைக் கட்டி எழுப்புகிறது. கேம் வந்து தலைகளைப் பிரிக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்து, காந்தப்புலம் சரிந்து விழுகிறது. மாறும் காந்தப்புலம் கம்பியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-ல் ஃபாரடே கண்டதுதான் இங்கே வேலை செய்கிறது. ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட இரண்டாம் கம்பியில் 10,000 வோல்ட்டுக்கு மேல் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இவ்வளவையும் பிழிந்தெடுப்பது ஒரு தொடர்பை அறுக்கும் செயல். கூடவே இருக்கும் கண்டென்சர், பாயிண்ட் தலைகளில் பொறி தாவாமல் தடுத்து, அந்த அறுப்பைச் சுத்தமாக்குகிறது.

நின்ற வண்டியில் அந்தத் தலைகளின்மேல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஆக்ஸைடு படலம் படிந்திருக்கும். அது மின்சாரத்தைத் தடுக்கும். நைஸான எமரி தாளை இடையே விட்டு இழுத்து, பிறகு சுத்தமான வெள்ளைத்தாளால் துடைத்து, இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தால், பெரும்பாலும் பொறி வந்துவிடும்.

இந்தக் காயில் பற்றவைப்பு முறையைக் காருக்காக உருவாக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். கையால் சுற்றும் கிராங்க் கம்பிக்கு விடை கொடுத்து, 1912 காடிலாக் கார்களில் வந்த மின் ஸ்டார்ட்டரும் அவருடையதே. மோட்டார் சைக்கிளில் மின் ஸ்டார்ட்டர் வைத்து 1914-ல் அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் ஹெண்டி ஸ்பெஷல் என்ற வண்டியை விற்றுப் பார்த்தது. அக்காலத்து பேட்டரியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. அதனால் மோட்டார் சைக்கிள்காரர்களின் கால்களுக்கு இன்னும் பல பத்தாண்டுகள் வேலை இருந்தது.

இனி மிதி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு முறைதான் கம்ப்ரஷன் வரும், ஒரு முறைதான் பொறி வரும். பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் மிதித்தால், கால் கீழே போகும் வழியில் பாதியிலேயே அந்த 260 கிலோ சுவரில் மோதும். வேகம் இன்னும் வந்திருக்காது, எஞ்சின் நின்றுவிடும். அதே பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியைச் சற்றே தாண்டி நிற்கும்போது மிதித்தால், அடுத்த சுவர் ஏறக்குறைய இரண்டு சுற்றுக்கு அப்பால் இருக்கிறது. நீளம் தாண்டுபவருக்கு ஓடிவர இடம் கிடைத்த மாதிரி. காலின் ஆற்றல் முழுவதும் அந்தக் கனத்த இரும்புச் சக்கரங்களில் சுழற்சியாகச் சேருகிறது. சுவரை உடைப்பது அந்தச் சுழற்சிதான். கால் அதற்குள் வேலையை முடித்திருக்கும்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க புல்லட்டில் இரண்டு துணைகள் உண்டு. ஒன்று ஹேண்டில்பாரில் இருக்கும் டீகம்ப்ரஷன் லிவர். அதை அழுத்தினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் தூக்கிக்கொள்ளும், அடைபட்ட காற்று வெளியேறிவிடும். இன்னொன்று ஹெட்லைட் தலையில் இருக்கும் ஆம்ப் மீட்டர். சாவியைப் போட்டதும், பாயிண்ட் தொட்டிருந்தால் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கால் இறுகும், முள்ளும் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் பிரிந்துவிட்டது என்று பொருள். பாயிண்டைப் பிரிக்கும் கேம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வருவதால், அது கம்ப்ரஷன் உச்சியேதான். இப்போது லிவரைப் பிடித்துக் கிக்கரை ஒரு சிறு தள்ளு, லிவரை விட்டுவிட்டுக் கிக்கரை முழுதும் மேலே வரவிட வேண்டும். பிறகு உடம்பின் எடையோடு கீழே வரை ஒரே மிதி. சாவியைப் போட்டுவிட்டு நேரம் போக்கக் கூடாது. பாயிண்ட் தொட்டிருக்கும் வரை காயில் சூடாகிக்கொண்டே இருக்கும்.

மிதிக்கும்போது கை த்ராட்டிலைத் திருகத் துடிக்கும். அடக்க வேண்டும். காலால் சுற்றும் வேகத்தில் கார்புரேட்டர் வழியே காற்று சோம்பலாகத்தான் போகிறது. குளிர்ந்த உலோகத்தில் பெட்ரோலின் பெரும்பகுதி ஆவியாகாமல் சுவரிலேயே ஒட்டிக்கொள்கிறது. எரிவதற்கு உகந்த விகிதம் எடையில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பார்கள். அந்த அளவுக்கு ஆவி கிடைக்க, பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது, சோக் அதற்குத்தான். புல்லட்டில் வரும் மிக்கார்ப் கார்புரேட்டரின் சோக் தனி வழியில் பெட்ரோல் இழுக்கும் வகை. த்ராட்டில் மூடியிருந்து உறிஞ்சல் பலமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். அவசரக்காரர்கள் த்ராட்டிலைத் திருகி அதைச் செயலற்றதாக்கிவிட்டு வண்டியைத் திட்டுவார்கள். பெட்ரோல் மிகுந்து பிளக் நனைந்துவிட்டால் மட்டும் சாவியை எடுத்துவிட்டு, டீகம்ப்ரஷனைப் பிடித்து, த்ராட்டிலை முழுதும் திறந்து நாலைந்து முறை மிதித்து ஊதித் தள்ளலாம்.

கிக்கர் திருப்பி அடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. வேகமாகச் சுற்றும் எஞ்சினில் பிஸ்டன் உச்சியைத் தொடும் முன்பே பொறி வர வேண்டும், ஏனென்றால் தீ பரவ நேரம் பிடிக்கும். பாயிண்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு சிறு எடைகள் வேகத்துக்கு ஏற்ப விலகிப் பொறியை முன்னே கொண்டுவருகின்றன. மெல்லச் சுற்றும்போது ஸ்பிரிங் அவற்றைத் திரும்ப இழுத்துவிடும். கொட்டகையில் கிடந்த வண்டியில் அந்த எடைகள் துருப்பிடித்து விலகிய நிலையிலேயே இறுகியிருக்கலாம். அப்போது மெதுவாக மேலேறும் பிஸ்டனை வெடிப்பு பாதி வழியில் சந்தித்துக் கீழே தள்ளும். எஞ்சின் பின்னோக்கிச் சுற்ற, கிக்கர் கணுக்காலைப் பதம் பார்க்கும். முதல் மிதிக்கு முன் பாயிண்ட் மூடியைத் திறந்து அந்த எடைகள் விரலுக்கு அசைந்து திரும்புகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் வேண்டும். ஒட்டிக்கிடக்கும் பிளேட்டுகள் அதில் பிரியும். பிரியாமல் கியர் போட்டால் வண்டி தானாகவே முன்னே பாயும்.

கிளம்பியதும் சைலன்சர் நீலமும் வெள்ளையுமாகப் புகையைக் கக்கும். ஊற்றிய ஆயில் எரிந்து தீரும் வரை அது இருக்கும். வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு வாசனையின்றி ஆளைச் சாய்த்துவிடும். வால்வுகளை அசைக்கும் ராக்கருக்கு ஆயில் ஏறுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்: மேலே போகும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை இரண்டு நிமிடம் கிளப்பி நிறுத்தினால் வண்டி நன்றாக இருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான எஞ்சினில் அது ஆவியாக வெளியேறிவிடும். இரண்டு நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது. அந்த ஆவி சைலன்சருக்குள்ளும், ரிங் வழியாகக் கசிந்து ஆயிலுக்குள்ளும் குளிர்ந்து தண்ணீராகத் தங்கிவிடும். கிளப்பினால் சிலிண்டரின் இறக்கைகள் நன்றாகச் சுடும் வரை பதினைந்து இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வர வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால், கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தித் தார்ப்பாயைப் போர்த்திவிடலாம்.