கெட்டுப்போன வரியும் கணிப்பொறியும்

கொழுந்து நிறுத்ததும் கணக்கப்பிள்ளை பெயருக்கு நேரே கிலோவை எழுதுகிறார். எண் பக்கத்துக் கட்டத்தில் விழுந்துவிட்டால், பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கணிப்பொறிக்கு அந்தக் கண் இல்லை. நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1991இல் வெளியான பைத்தான் என்ற நிரல்மொழியில் அதை எப்படிச் செய்வது?

பழகிப் பார்க்க ஒரு நல்ல கணக்கு சிங்கப்பூரில் இருக்கிறது. அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள் 99 ஆண்டுக் குத்தகைக்கு உரியவை. அவை கைமாறும் விலைகளை அரசாங்கம் கோப்புகளாக வெளியிடுகிறது. வரிக்கு ஒரு விற்பனை. ஊர், பரப்பளவு, விலை முதலியவை காற்புள்ளியால் பிரிந்திருக்கும். இதற்குச் சிஎஸ்வி கோப்பு என்று பெயர்.

உங்கள் மகள் பிடோக் நகர வரிகளை மட்டும் பொறுக்கி, எஞ்சிய குத்தகைக்கு ஏற்ப விலை எப்படி மாறுகிறது என்று பார்க்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 2015, 2016 ஆண்டுகளின் கோப்பில் எஞ்சிய குத்தகை ‘70’ என்பதுபோல் வெறும் எண். 2017 முதல் ‘61 ஆண்டு 4 மாதம்’ என்ற பாணியில் ஆங்கிலச் சொற்களும் கலந்திருக்கும். 2014 வரையிலான கோப்புகளில் அந்தப் பத்தியே கிடையாது. யார் மீதும் குற்றமில்லை; பதியும் முறை மாறியது, அவ்வளவுதான்.

சொல் கலந்ததை எண்ணாக்கச் சொன்னால் பைத்தான் ‘வேல்யூ எரர்’ என்று கூவி நின்றுவிடும். அது நல்லதே. நிற்காமல் ஓடுவதுதான் ஆபத்து. வரியில் ஒரு காற்புள்ளி விடுபட்டால் சிஎஸ்வி வாசிப்பான் கூவாது. பின்னால் உள்ளவை ஒரு கட்டம் முன்னே நகர்ந்து, கடைசியில் விலை இருக்கவேண்டிய இடம் வெறுமையாகும். ஆகவே, கட்டங்களை முதலில் எண்ணச் சொல்ல வேண்டும்.

அடுத்தது ‘டிரை’, ‘எக்செப்ட்’ என்ற இரு கட்டளைகள். முயன்று பார், முடியாவிட்டால் இதைச் செய் என்பது பொருள். பலர் இங்கே அந்த வரியை விட்டுவிடச் சொல்கிறார்கள். அல்லது பூஜ்யம் நிரப்புகிறார்கள். எனக்கு இரண்டுமே சம்மதமில்லை. செக்ரோலில் அப்படிச் செய்தால் ஒருவருடைய நாட்கூலி போயிற்றே! கெட்ட வரியை அதன் வரிசை எண்ணோடு தனிக் கோப்பில் ஒதுக்கி, மனிதர் பார்க்க வைக்க வேண்டும்.

ஒதுக்கியவற்றில் ஒரே மாதிரிக் கோளாறு தெரிந்தால் விதி எழுதலாம். 61 ஆண்டு 4 மாதம் என்பது 736 மாதம். 70 என்பது 840 மாதம். பத்தியே இல்லாத பழைய வரிகளிலும் குத்தகை தொடங்கிய ஆண்டு உண்டு. அதனோடு 99ஐக் கூட்டி, விற்ற ஆண்டைக் கழித்தால் ஏறக்குறைய விடை வரும். மதிப்பீடு என்று பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும். முடிவில், ஏற்ற வரிகளையும் ஒதுக்கிய வரிகளையும் கூட்டினால், படித்த வரிகளின் எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.