புது வண்டி உழைக்குமா?

“அந்தக் காலத்து வண்டி மாதிரி வருமா? இப்பல்லாம் அஞ்சு வருஷத்துல தூக்கிப் போடற மாதிரிதானே செய்யறான்!” சென்னையில் எந்த மெக்கானிக் ஷெட்டில் பத்து நிமிஷம் நின்றாலும் இந்த வசனம் காதில் விழும். மந்தைவெளியில் என் அப்பா நடத்தும் ஷெட்டிலும் தினம் விழுகிறது. இதில் பாதி உண்மை, பாதி பொய். எந்தப் பாதி எது என்று பார்ப்போம் நண்பர்களே.

பொருளை வேண்டுமென்றே சீக்கிரம் பழசாக்கும் தந்திரத்துக்கு ‘பிளான்ட் அப்சலசென்ஸ்’ என்று பெயர். 1924-இல் உலகின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடிப் பேசி, ஒரு பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக் கூடாது என்று முடிவு செய்ததே இதற்கு உதாரணமாகச் சொல்லப்படும் கதை. கார் உலகில் இதைச் செய்து காட்டியவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆல்ஃபிரட் ஸ்லோன். ஃபோர்டு 1908-லிருந்து 1927 வரை ஒரே ‘மாடல் டி’ காரை விற்றுக் கொண்டிருக்க, இவர் வருஷா வருஷம் புது மாடல், புதுக் கலர் என்று இறக்கினார். வண்டி ஓடிக் கொண்டிருக்கும்போதே சொந்தக்காரர் மனசில் அதைப் பழசாக்கி விட்டார்!

நம் நாட்டில் நடந்தது நேர்மாறு. அம்பாஸடர் 1950-களின் கடைசியில் வந்தது, 2014-இல்தான் நின்றது. உருவம் அதிகம் மாறவே இல்லை. லைசென்ஸ் காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் யாரைக் கவர புது மாடல் இறக்குவது?

சரி, அந்த வண்டி உழைத்ததா? உழைத்தது. ஆனால் யார் உழைப்பில் உழைத்தது என்று கேட்க வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்கணும், கான்டாக்ட் பாயிண்டைத் தேய்த்து கேப் வைக்கணும், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவணும். லட்சம் கிலோமீட்டர் தொடுவதற்குள் பெரும்பாலும் எஞ்சினை இறக்கி ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருக்கும். அந்தக் காலத்து மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். அதற்கு மேல் எண்ண வேண்டிய தேவை வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. துரு வேறு. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் கடல்காற்றில் நின்ற வண்டியின் கதவு அடிப்பாகத்தை டிங்கரிங் ஆள்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

இன்றைய காரின் பாடி, துத்தநாகம் பூசிய தகடு. முழு பாடியையும் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் செலுத்தி பிரைமர் ஏற்றுகிறார்கள். கை நுழையாத மூலையிலும் ஒட்டிக் கொள்கிறது. எஞ்சின் பாகங்கள் மைக்ரான் கணக்கில் கடைசல் ஆகின்றன. ஆயிலும் நல்ல ஆயில். ஒழுங்காக ஆயில் மாற்றினால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் எஞ்சினைத் தொடாமல் ஓடும் டாக்ஸிகள் நகரத்தில் நிறைய உண்டு. ஆக, இரும்பு விஷயத்தில் புது வண்டிதான் கெட்டி. வசனத்தின் பொய்ப் பாதி இதுதான்.

உண்மைப் பாதியை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. அடையாறு பொங்கி கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை எல்லாம் தண்ணீருக்குள் போனது. ஒரு அம்பாஸடர் அப்படி மூழ்கினால் என்ன வைத்தியம்? ஆயிலை வடித்து, பிளக்கைக் கழற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றினால் சிலிண்டரில் புகுந்த தண்ணீர் பீச்சி அடிக்கும். டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டரை வெயிலில் காய வைத்து, புது ஆயில் விட்டுக் கிளப்பி விடலாம். புதுக் காரில் ஒயரிங் கார்பெட்டுக்கு அடியில் ஓடுகிறது. ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கியர் லீவர் பக்கத்தில், தரையோடு தரையாக இருக்கிறது. சீட் உயரம் தண்ணீர் நின்றாலே இதெல்லாம் போச்சு. எஞ்சின் நன்றாக இருக்கும், பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஆனால் ரிப்பேர் செலவு இன்சூரன்ஸ் மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதி விடுவார்கள்.

வெள்ளம் வராத நாளிலும் இதே கதை சின்ன அளவில் நடக்கிறது. முன்பு பால் ஜாயிண்ட் தேய்ந்தால் பால் ஜாயிண்ட் மட்டும் மாற்றுவோம். இன்று பல வண்டிகளில் லோயர் ஆர்ம் முழுசாக வாங்கணும். வீல் பேரிங்குக்கு ஹப்போடு சேர்த்து விலை. பார்ட்ஸ் கடையில் கேட்டால் “சைல்டு பார்ட் வராதுப்பா, அசெம்பிளிதான்” என்று ஒரே பதில். போன வருஷம் அப்பாவிடம் வந்த ஒரு வண்டியில் ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் காது ஒன்றுதான் உடைந்திருந்தது. மொத்த லைட்டுக்கும் சொன்ன விலையைக் கேட்டு அந்த ஓனர் உட்கார்ந்து விட்டார். கடைசியில் புதுப்பேட்டையில் தேடி, பழைய வண்டியில் கழற்றியதை வாங்கி வந்து மாட்டினார் அப்பா. புதுப்பேட்டை மட்டும் இல்லையென்றால் இந்த ஊரில் பாதி கார்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும் என்பது என் கருத்து.

எல்லாமே சூழ்ச்சி என்று சொல்லவில்லை. சீல் செய்த பேரிங்கில் தூசி போகாது, கிரீஸ் அடிக்கிற வேலையும் மிச்சம். பி.எஸ். 6 புகை விதிக்கு (2020 ஏப்ரல் 1 முதல்) கம்ப்யூட்டர் இல்லாமல் முடியவே முடியாது. ஆனால் பார்ட்ஸையும் விவரத்தையும் பூட்டி வைப்பது இந்த மாதிரி அல்ல. அது வியாபாரம்.

அப்படிச் சொன்னது நான் இல்லை, இந்தியப் போட்டி ஆணையம். 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் பார்ட்ஸ், ரிப்பேர் புத்தகம், டயக்னாஸ்டிக் கருவி ஆகியவற்றை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டாவோடு அம்பாஸடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது! கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022-இல் மத்திய அரசு ‘ரைட் டு ரிப்பேர்’ என்று ஒரு கமிட்டி போட்டு, கார்களையும் அதில் சேர்த்தது. அதே 2022 ஏப்ரலில் 15 வருஷம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. ஒரு கை ரிப்பேர் செய் என்கிறது, இன்னொரு கை ஸ்கிராப் செய் என்கிறது.

அப்பா எட்டாவதோடு ஸ்பேனர் பிடித்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு லூஸ் என்று சொல்லி விடுவார். இப்போது ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்கேனர் வாங்கியிருக்கிறோம். இங்கிலீஷில் கோடு வந்தால் நான் படித்துச் சொல்வேன், கோளாறை அவர் கண்டுபிடிப்பார். இருவருமாகச் சேர்ந்து பாதி வண்டிகளைச் சமாளித்து விடுகிறோம். மீதியில் பார்ட்ஸ் கையில் இருக்கும், மாட்டியும் ஆகிவிடும். ஆனால் கம்பெனி பாஸ்வேர்டு போட்டுப் பதிவு செய்தால்தான் வண்டி அதை ஏற்றுக் கொள்ளும். அந்த வண்டிகளை டோ செய்து ஷோரூமுக்கு அனுப்புகிறோம்.