மற்போரும் காலக்கணக்கும்

உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு உறுதியும் ஒருங்கே தரும் கலை மற்போர். தமிழகத்துக்கு அது புதியதன்று. தாம்பரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள மாமல்லபுரம், மாமல்லன் எனப் பட்டம் பூண்ட முதலாம் நரசிம்மவர்மனை நினைவூட்டுகிறது. அவனுக்கும் பன்னூறு ஆண்டுகள் முற்பட்டவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன். அவன் ஆமூர் மல்லனை வீழ்த்திய செய்தியைப் புறநானூற்றில் பாடிய சாத்தந்தையார், அக்காட்சியை அவன் தந்தை தித்தன் காணவேண்டும் என விழைகிறார். மகன் பொருவதைப் பெற்றோர் காணவேண்டும் என்னும் ஆசை அத்துணைப் பழமையானது. அந்த ஆசைக்கு இன்று குடும்பங்கள் கொடுக்கும் விலை யாது என்பதைச் சற்றே ஆராய்வோம்.

முன்னாளில் மற்போர் ஆட்டமே நீண்டதாக இருந்தது. 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மார்ட்டின் கிளைனும் ஃபின்லாந்து வீரர் அசிக்கைனனும் 11 மணி 40 நிமிடம் பொருதனர். வென்றவர் கிளைன். ஆயினும் இறுதி ஆட்டத்தில் இறங்க அவர் உடலில் வலுவில்லை. தங்கம் ஸ்வீடன் வீரர் யோஹான்சனுக்குப் போயிற்று. இத்தகைய கொடுமைகளைத் தவிர்க்கவே பின்னாளில் ஆட்டத்துக்குக் கால வரம்பு வந்தது. இன்று 17 வயதுக்கு உட்பட்டோருக்கு இரண்டு நிமிடம் கொண்ட இரு சுற்றுகளே உண்டு. இடையே 30 விநாடி ஓய்வு. ஆட்டம் சுருங்கிவிட்டது, ஆட்ட நாள் சுருங்கவில்லை.

காரணத்தைக் கணக்கிட்டே காணலாம். பத்து எடைப் பிரிவுகள். பிரிவுக்கு 16 பேர் என்று கொள்வோம். வெளியேற்ற முறையில் ஒரு பிரிவுக்கு 15 ஆட்டங்கள். இறுதிக்கு வந்த இருவரிடமும் தோற்றவர்கள் வெண்கலத்துக்காக மீண்டும் பொரலாம் என்பது விதி. அதற்கு நான்கு ஆட்டங்கள். ஆக மொத்தம் 190. அழைப்பு, அறிவிப்பு எல்லாம் சேர்த்து ஆட்டத்துக்கு 7 நிமிடம் என்றால், இரண்டு விரிப்புகளில் நடத்தினாலும் 11 மணி நேரம் ஆகும். இறுதிவரை சென்றவனும் பொருவது மிகுதியாக 16 நிமிடமே. முதல் ஆட்டத்திலேயே தோற்றவனோ, தன்னை வென்றவன் இறுதிக்குச் செல்வானா என்று பார்த்தபடி அமர்ந்திருக்கவேண்டும்.

சேலையூரில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். போட்டி பெரியமேட்டில், எடை பார்ப்பது காலை 7 மணிக்கு. விடியுமுன் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறவேண்டும். தந்தைக்கு ஒரு நாள் கூலி போயிற்று. வீட்டில் தனியே விடமுடியாத தங்கையும் உடன் வருகிறாள். அவளுடைய பாடமும் ஓய்வும் அந்த இருக்கையிலேயே கழிகின்றன. எடைக்காக இரவு உண்ணாத பையன், அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று அறியாமல், உண்பதா வேண்டாவா என்று தயங்குகிறான். இவ்வாறு ஆண்டில் சில முறை நிகழ்ந்தால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை ஆர்வம் இருந்தும் களத்தை விட்டு விலகுவான். திறமையை இழப்பது நாடே.

1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில் வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவின் பயணத்துக்காக அவருடைய கல்லூரி முதல்வர் தம் வீட்டையே அடகு வைத்தார் என்பர். ஒரு வீரனின் பின்னே எத்தனை பேருடைய தியாகம் நிற்கிறது என்பதற்கு இது சான்று. அத்தியாகத்தை வீணாக்காமல் காப்பது போட்டி நடத்துவோர் கடமை.

வழி எளிது. ஐந்து எடைப் பிரிவுகளைக் காலையிலும் மற்ற ஐந்தைப் பிற்பகலிலும் வைத்து, அவ்வப்போதே எடை பார்க்கலாம். மொத்த நேரம் மாறாது. ஆனால் ஒவ்வொரு குடும்பமும் காத்திருப்பது ஐந்தரை மணியாகக் குறையும். ஆட்ட எண்ணையும் விரிப்பு எண்ணையும் பலகையில் எழுதி வைத்தால் பிள்ளைகள் நேரமறிந்து உண்பர். பெயர்ப் பதிவை முன்னரே முடித்துவிட்டால் காலைத் தாமதம் நீங்கும். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை, முன்யோசனை போதும்.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் வீரராகவும் சிலர் போட்டி நடத்துவோராகவும் விளங்குவீர்கள். அன்று அட்டவணையை வகுக்கும்போது, பார்வையாளர் வரிசையில் உறங்கும் அந்தச் சிறு தங்கையையும் கணக்கிலே சேர்த்துக்கொள்ளுங்கள்.