மதுசாரத்தில் ஓடும் மோட்டார் வண்டி

மதுசாரம் மனிதனுள்ளே புகுந்தால் அவன் நடை தளர்கின்றது. அதே மதுசாரம் தக்கதொரு மோட்டார் வண்டியினுள்ளே புகுந்தாலோ, அவ்வண்டியின் நடை விரைகின்றது. வேடிக்கை போலத் தோன்றும் இக்கூற்று முற்றிலும் உண்மையானது. அது எங்ஙனம் நிகழ்கின்றது, அதனால் விளையும் நன்மை யாது, அசட்டையாக இருப்பின் நேரும் கேடு யாது என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

கள்ளிலும் சாராயத்திலும் வெறியூட்டும் பொருளாக இருப்பது எதைல் மதுசாரம். அதனையே எதனோல் என்றும் வழங்குவர். கரும்பு, சோளம் முதலியவற்றின் வெல்லத்தையும் மாப்பொருளையும் நொதிக்கச் செய்து, வடித்து, நீர் நீக்கி, எரிபொருளாக்குகின்றனர். பெற்றோலுடன் கலந்து விற்கும்போது கலவைக்கு ஓர் எண் இடுவர். ஈ-10 என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு எதனோல். ஈ-85 என்றால் எண்பத்தைந்து பங்கு வரை எதனோல், எஞ்சியது பெற்றோல்.

இங்கே ஒரு புதிர் எழுகின்றது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 32 மெகாயூல் சக்தி கிடைக்கும். ஒரு லீற்றர் எதனோலோ 21 மெகாயூல் மாத்திரமே தரும். சக்தி குறைந்த எரிபொருளை இட்டால் வண்டியின் வலு குறைய வேண்டுமன்றோ? கூடுவது எவ்வாறு?

விடை எரிபொருளில் மாத்திரம் இல்லை, காற்றிலும் இருக்கின்றது. எஞ்சினின் உருளைக்குள் எவ்வளவு காற்றுப் புகுகின்றதோ அவ்வளவுக்கே எரிபொருள் எரியும். ஒரு கிலோகிராம் பெற்றோல் முற்றாக எரிய 14.7 கிலோகிராம் காற்று வேண்டும். எதனோலுக்கு 9 கிலோகிராம் போதும். ஆகவே அதே அளவு காற்றுக்கு எதனோலைக் கூடுதலாகச் செலுத்தலாம். அப்படிச் செலுத்தினால் கிடைக்கும் சக்தி பெற்றோல் தருவதற்குச் சமமாகவும், ஒரு சிறிது மிகுதியாகவும் அமைகின்றது.

காற்றையே மிகுதியாக உட்செலுத்தினால் என்ன? இவ்வெண்ணத்திற் பிறந்ததே டேர்போ என்னும் காற்றமுக்கி. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளரான அல்பிரெட் பியூக்கி 1905ஆம் ஆண்டில் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். வீணாக வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சுழலி சுழலும்; அதனோடு ஒரே அச்சிற் பிணைந்த விசிறி வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் ஊட்டும். சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வலுவைப் பெறுவது இவ்வாறே.

ஆயினும் அமுக்கப்பட்ட காற்று சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் தொட்டறிந்திருக்கின்றோம். இச்சூடு எல்லை மீறினால், மின்பொறியினால் மூண்ட சுவாலை சென்று சேருமுன்னரே, உருளையின் மூலையிலுள்ள கலவை தானாக வெடித்துவிடும். சம்மட்டியால் அடித்தாற்போல ஓசை எழும். இதனை எஞ்சின் இடித்தல் என்பர். இடி நீடித்தால் முசலம் உருகித் துளைபடும், வளையங்கள் நொறுங்கும். டேர்போ எஞ்சினின் வலுவுக்கு வேலியிடும் பகைவன் இந்த இடியே. எரிபொருள் இவ்விடியை எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிப்பதே ஒக்ரேன் எண். நம் நாட்டுப் பெற்றோல் நிலையங்களிற் காணும் 92, 95 என்ற எண்கள் இவையே. இவ்வளவையில் எதனோலின் எண் ஏறத்தாழ 108 ஆகும்.

எதனோலுக்கு இன்னொரு பேறும் உண்டு. திரவம் ஆவியாகும்போது சுற்றிலுமுள்ள வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். மண்பானை நீர் குளிர்வதும் இவ்விதியினாலேதான். ஒரே நிறையிற் பார்த்தால், ஆவியாகும்போது எதனோல் கவரும் வெப்பம் பெற்றோல் கவர்வதினும் இருமடங்குக்கு மேற்பட்டது. ஒரே அளவு காற்றுக்கு அது கூடுதலாகச் செலுத்தப்படுவதால் குளிர்ச்சி ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது. ஆக, இடியைத் தாங்கும் இயல்பும் காற்றைக் குளிர்விக்கும் இயல்பும் ஒருங்கே அமைந்த எரிபொருள் இது. இவ்விரண்டின் துணையால் காற்றை மேலும் அமுக்கலாம்; மின்பொறியை முந்தியே மூட்டலாம். மிகைவலு பிறப்பது இங்கேதான்.

இவ்வுண்மை பழையது. 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மோபில் ஜெட்பயர் என்னும் டேர்போ வண்டி வெளிவந்தது. 3.5 லீற்றர் எஞ்சினிலிருந்து 215 பரிவலு பெற்றனர். இடியைத் தடுப்பதற்கென நீரும் மெதைல் மதுசாரமும் சரிபாதியாகக் கலந்த திரவம் தனித் தாங்கியில் வைக்கப்பட்டு, வேண்டும்போது காற்றுடன் தெளிக்கப்பட்டது. சாதனம் நன்று, பயன்படுத்தியோர்தாம் பிசகினர். பலர் அத்தாங்கியை நிரப்ப மறந்தனர். திரவம் தீர்ந்தால் வலுவைக் குறைக்கும் காப்பு இருந்தும் வண்டிமீது மனக்குறைகள் மலிந்தன. 1963உடன் அவ்வண்டி நின்றுபோயிற்று.

மறதிக்கு இடம் வையாத வழியைச் சுவீடன் நாட்டிலே கண்டனர். 2005ஆம் ஆண்டில் சாப் நிறுவனம் 9-5 பயோபவர் என்ற வண்டியை விற்பனைக்கு விட்டது. 2 லீற்றர் டேர்போ எஞ்சின். பெற்றோலில் 150 பரிவலு, ஈ-85 கலவையில் 180 பரிவலு. எஞ்சின் ஒன்றே, மாறியது எரிபொருள். எது ஊற்றப்பட்டது என்பதைக் கணினி தானே உணர்ந்து, காற்றமுக்கத்தையும் மின்பொறியின் நேரத்தையும் திருத்திக்கொண்டது. 2006 முதல் பெரிய எரிபொருள் நிலையங்கள் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் ஒன்றையேனும் விற்றல் வேண்டும் என்று சுவீடனிற் சட்டம் வந்தமையால் ஈ-85 எங்கும் கிடைத்தது. அந்நாட்டின் கெனிக்செக் நிறுவனம் 2019இல் காட்சிக்கு வைத்த ஜெஸ்கோ என்ற வண்டி இதன் உச்சம். இரட்டை டேர்போ பூட்டிய அதன் 5 லீற்றர் எஞ்சின் சாதாரணப் பெற்றோலில் 1280 பரிவலுவும், ஈ-85இல் 1600 பரிவலுவும் தரும்.

இவ்வெண்களைக் கேட்டவுடன், பெற்றோலுக்கென்று அமைந்த டேர்போ வண்டியில் ஈ-85ஐ ஊற்றிவிடலாம் என்று எவரேனும் துணிவாராயின், அவர் தம் எஞ்சினுக்குத் தாமே உலை வைப்பவராவர். பெற்றோலைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக அதிக எரிபொருள் வேண்டும். பழைய பம்பும் பழைய தெளிகுழல்களும் அவ்வளவை வழங்கா. எரிபொருள் போதாமற் காற்று மிகுந்தால், முழுவலுவில் ஓடும்போது வெப்பம் கட்டுக்கடங்காது. ஆகவே பெரிய பம்பும் பெரிய தெளிகுழல்களும் மதுசாரம் அரிக்காத குழாய்களும் முதலில் வேண்டும். கணினியின் கட்டளைகளும் திருத்தப்படல் வேண்டும்.

அதுவும் போதாது. பெயர்ப்பலகையில் ஈ-85 என்றிருப்பினும் உள்ளே இருப்பது எப்போதும் எண்பத்தைந்தன்று. அமெரிக்கத் தராதரத்தின்படி எதனோல் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். குளிரில் எதனோல் எளிதில் ஆவியாகாது. எஞ்சின் கிளம்ப மறுக்கும். அதனால் மாரியிற் பெற்றோலின் பங்கைக் கூட்டுவர். கோடைக் கலவைக்கென்று இறுதி எல்லைவரை முடுக்கப்பட்ட எஞ்சின், மாரிக் கலவையைப் பெறும்போது இடிக்கத் தொடங்கும். எனவே எதனோலின் அளவை ஓயாது அளந்து கணினிக்கு அறிவிக்கும் உணர்கருவியே இத்தகைய வண்டிக்கு உயிர்நாடி. அதன் விலையை மிச்சம் பிடிப்பவர், பன்மடங்கு விலை கொடுத்து முசலத்தை மாற்ற நேரிடும்.

நீரும் ஒரு பகை. எதனோல் நீரை விரும்பி ஈர்க்கும். ஈ-10 போன்ற மென்கலவையில் நீர் அளவு மீறினால், எதனோல் பெற்றோலைப் பிரிந்து நீரோடு சேர்ந்து தாங்கியின் அடியிலே தங்கிவிடும். மாதக்கணக்காக வண்டியை நிறுத்திவைப்போர் இதனை மனங்கொள்ளல் நன்று. ஒரு தாங்கி எரிபொருளில் செல்லும் தூரம் குறைவதையும் பொறுத்துக்கொள்ளல் வேண்டும்.

இறுதியாக, இம்மதுசாரம் எங்கிருந்து வருகின்றது என்பதையும் எண்ணுதல் தகும். பிறேசில் நாடு 1975ஆம் ஆண்டிற் கரும்பு மதுசாரத் திட்டத்தைத் தொடங்கி, இறக்குமதி எண்ணெயின் சுமையைக் குறைத்தது. அங்கே பெற்றோலிற் கலக்க வேண்டிய எதனோல் 2015இல் 27 சதவீதமாகவும், 2025இல் 30 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. ஆயினும் எரிபொருளுக்கென்று விளையும் கரும்புக்கும் சோளத்துக்கும் நிலமும் நீரும் வேண்டும். அவை உணவுக்கும் வேண்டியவை. ஒருவன் விரைந்து செல்லும் இன்பத்துக்கு எத்தனை காணி நிலம் ஈடாகத் தகும் என்பது பொறியியல் மாத்திரம் விடையிறுக்கும் வினாவன்று.

நேயர்களே! எதனோல் வலுவைப் படைப்பதில்லை. இடியென்னும் வேலியைச் சற்றே தள்ளிவைத்து, எஞ்சினில் ஏற்கெனவே அடங்கியிருக்கும் வலுவுக்கு வழி திறக்கின்றது. வழி திறந்தபின் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அளந்தறிந்து செல்பவருக்கு அது நல்ல துணை. அளக்காது முடுக்குபவர் அதற்குரிய விலையைத் தம் எஞ்சினைக் கொண்டே செலுத்துவர்.