முதல் கல்யாணப் படம்: முகம் தெரிய எடுங்கள்!

நம் தோட்டப்புறங்களில் கல்யாணம் என்பது முன்பெல்லாம் ஒரு வீட்டுக் காரியமாக இருந்ததில்லை. பந்தக்கால் நடுவது முதல் எச்சில் இலை எடுப்பது வரை லயமே திரண்டு வந்து செய்யும். இன்று ஜொகூரில் நிலைமை மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களுக்குச் செம்பனை வந்தது. செடெனாக்கிலோ செம்பனை நின்ற நிலத்திலேயே தொழில்நுட்பப் பூங்கா அமைந்து, தகவல் மையக் கட்டடங்கள் எழுந்து நிற்கின்றன. பிள்ளைகள் கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். இருந்தாலும் கல்யாணம் என்றால் தோட்டத்துக் கோயிலைத் தேடி வருகிற குடும்பங்கள் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன.

அப்படி ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் பொறுப்பு செடெனாக் பக்கத்துத் தம்பி ஒருவர் தலையில் விழுந்தது. தொழில்முறைப் படக்காரரைக் கூப்பிட்டால் ஆயிரக்கணக்கில் வெள்ளி வேண்டும். அந்தக் குடும்பத்துக்கோ மண்டபமும் சாப்பாடுமே கடன். "உன்கிட்டதான் கேமரா இருக்கே, நீயே எடுத்துடுப்பா" என்று அத்தை சொல்லிவிட்டார்.

தம்பி என்னிடம் வந்து, "அண்ணே, வேற எந்த வேலையில தப்பு வந்தாலும் திருத்திக்கலாம். தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியுமா?" என்றார்.

நியாயமான பயம்தான். இப்படிப் பயப்படுகிற தம்பி தங்கைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களிடம் இந்த வேலையை ஒப்படைக்கும் பெற்றோருக்காகவும் இந்த வாரக் கட்டுரை.

அன்று பன்னிரண்டு படம்

நம் தாத்தா பாட்டி காலத்தில் டவுன் ஸ்டூடியோக்காரர் பெட்டியோடு வருவார். அவர் போட்டிருக்கும் சுருள் சிறியதென்றால் அதில் 12 படம், பெரியதென்றால் 36. அத்தோடு சரி. ஒரு தடவை ஃபிளாஷ் அடித்தால் அடுத்ததற்குச் சில விநாடி காத்திருக்க வேண்டும். ஆகவே தாலி கட்டும் படம் என்பது ஒரே ஒரு வாய்ப்பு. அது விழுந்ததா இல்லையா என்பது படத்தைக் கழுவிப் பார்த்த பிறகே தெரியும்.

இன்று நூறு எடுக்கலாம், ஆயிரம் எடுக்கலாம். உடனே பார்த்தும் விடலாம். ஆனால் ஆயிரம் எடுத்தும், பெற்ற தாய் ஒரு படத்தில்கூட இல்லாத ஆல்பங்கள் உண்டு. அன்றைய படக்காரர் பன்னிரண்டே படம் என்பதால் யோசித்து அழுத்தினார். அந்த யோசனைதான் முதல் முறை எடுப்பவருக்குத் தேவை.

முதல் நாளே முடிக்க வேண்டியவை

முதலில் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ முகூர்த்த நேரத்திலேயே ஒரு தடவை போய்ப் பாருங்கள். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, மணவறை எங்கே, தூண் எங்கே மறைக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, அந்த வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து சடங்குகளை வரிசையாகக் கேளுங்கள். தாரை வார்ப்பது, கூறைப்புடவை கொடுப்பது, தாலி, மெட்டி, அம்மி மிதிப்பது, அக்கினி வலம் என்று குடும்பத்துக்குக் குடும்பம் முன்பின்னாக மாறும். எது எதற்குப் பிறகு என்று தெரியாதவர் எப்போதும் ஒரு சடங்கு பின்தங்கியே ஓடிக்கொண்டிருப்பார்.

மூன்றாவதாக, யார் யாரைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று இரு வீட்டாரிடமும் பெயர் எழுதி வாங்குங்கள். நான்காவதாக, கூடுதல் பேட்டரியும் மெமரி கார்டும். அவசரத்துக்கு இன்னொருவருடைய கேமராவோ நல்ல கைத்தொலைபேசியோ கூட இருக்கட்டும். இருப்பது கைத்தொலைபேசி மட்டும்தான் என்றாலும் வெட்கப்பட வேண்டாம். கண்ணாடியில் ஒட்டிய சந்தனத்தையும் வியர்வையையும் அடிக்கடி துடைத்துவிடுங்கள்.

கெட்டிமேளம் வரும் நேரம்

தாலி கட்டும்போது என்ன நடக்கிறது? ஐயர் கையைத் தூக்கிக் காட்டுகிறார். கெட்டிமேளம் முழங்குகிறது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து மஞ்சள் அரிசியோடு முன்னே வருகிறார்கள். ஆளுக்கொரு கைத்தொலைபேசி வேறு மேலே எழும்புகிறது. புதிதாக எடுப்பவர் பின்னால் நின்றால் முதுகைத்தான் எடுக்க முடியும்.

ஆகையால் தாலித் தட்டு ஆசிக்காகச் சபையைச் சுற்றி வரும்போதே உங்கள் இடத்தைப் பிடித்துவிட வேண்டும். மணமக்களுக்கு நேர் முன்னே அல்ல. சற்றுப் பக்கவாட்டில், மாப்பிள்ளையின் கையும் பெண்ணின் முகமும் சேர்ந்து தெரியும் இடம். ஐயரிடம் முன்கூட்டியே, "சாமி, இங்கே நின்னுக்கிறேன், மறைக்காம பாத்துக்குங்க" என்று பணிவாகச் சொல்லி வைத்தால் உதவுவார். மூன்று முடிச்சும் விழும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள். பல குடும்பங்களில் கடைசி முடிச்சை நாத்தனார் போடுவார். முதல் முடிச்சோடு திரும்பிப் பார்க்கப் போனால் அந்தப் பெண்ணின் பங்கு விட்டுப்போகும்.

ஓமப் புகை நேரே எதிரில் வரும்போது ஃபிளாஷ் அடிக்காதீர்கள். வெளிச்சம் புகையில் பட்டு, படம் வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். பக்கவாட்டில் நகர்ந்து, இருக்கிற வெளிச்சத்திலேயே எடுங்கள்.

கறுத்த முகமும் கேமராவும்

மாப்பிள்ளை வெள்ளை வேட்டி சட்டையில் இருப்பார். கேமரா அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். வேட்டி பளிச்சென்று இருக்கும். வெயிலில் உழைத்துக் கறுத்த நம்மவர் முகம் இருளில் போய்விடும். இதற்கு வழி உண்டு. கைத்தொலைபேசியானால் திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கேமராவானால் முகத்துக்கு அளந்து எடுங்கள். வேட்டியின் மடிப்பு கொஞ்சம் தெரியாமல் போனால் குடிமுழுகாது.

இதற்கு ஒரு பழைய கதையும் இருக்கிறது. வண்ணப் படம் கழுவும் கடைகளில் நிறம் சரியா என்று பார்க்க கோடாக் நிறுவனம் மாதிரி அட்டை கொடுத்து வந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். பல்லாண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்தத் தோலுக்கு நிறம் சரியாக வந்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். கனடாவின் ஆய்வாளர் லோர்னா ரோத் இதைப்பற்றி 2009இல் எழுதினார். பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் சரியாக விழவில்லை என்று மரச்சாமான் வியாபாரிகளும் சாக்லேட் கம்பெனிகளும் முறையிட்டதுதான் கோடாக்கை அசைத்தது என்பது அவர் கண்டு சொன்ன செய்தி. கறுப்பு மனிதரின் முகம் கேட்டு வாங்காத நியாயத்தை மேசை நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறது! நம் வீட்டுப் பழைய வண்ணப் படங்களில் பாட்டியின் முகம் மங்கிக் கிடந்தால், குற்றம் பாட்டியின் நிறத்தில் இல்லை.

ஒதுங்கி நிற்பவர்களை அழையுங்கள்

படக்காரரிடம் நான் முக்கியமாகக் கேட்டுக்கொள்வது இதுதான். தாலி கட்டும் நேரத்தில் கைம்பெண்கள் முன்னே வரக்கூடாது என்ற வழக்கம் நம்மிடையே இன்னும் சாகவில்லை. கணவனை இழந்து, விடியற்காலையில் பால் வெட்டியும் பழம் பொறுக்கியும் பிள்ளையை ஆளாக்கிய தாய், அதே பிள்ளையின் கல்யாணத்தில் தூண் ஓரமாக நின்று பார்ப்பாள். ஆல்பத்தில் அவள் இருக்கமாட்டாள். அன்றைக்குப் பெரியவர்கள் சொல்லத் தயங்குவதைப் படக்காரர் சொல்லலாம். "அம்மா, நீங்க வாங்க. நீங்க இல்லாம குடும்பப் படம் எடுக்க முடியாது" என்று கூப்பிடுங்கள். யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

அதேபோல் சமையல்கட்டுக்குப் போங்கள். விடிய விடிய தேங்காய் துருவியவர்கள், அண்டாவில் சோறு கிளறியவர்கள், வாழைமரம் கட்டியவர்கள் எல்லாரையும் எடுங்கள். கோயிலையும், லய வீடு இன்னும் நின்றால் அதன் வாசலையும் எடுங்கள். எத்தனையோ தோட்டங்களில் லயம் இடிந்து, மக்கள் சிதறி, அப்படி ஓர் இடம் இருந்தது என்பதற்குக் கல்யாணப் படத்தின் பின்புறம் தெரிகிற சுவர் மட்டுமே மிச்சம்.

படம் வேறு, பத்திரம் வேறு

சங்க வேலையில் நான் கண்டதையும் சொல்ல வேண்டும். கணவர் இறந்த பிறகு சொக்சோ பென்ஷனுக்கு மனுச் செய்ய வரும் பெண்கள் சிலர், கல்யாண ஆல்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். "இதோ பாருங்க, தாலி கட்டுறாரு" என்று காட்டுவார்கள். ஆனால் முகப்பில் முதலில் கேட்பது திருமணச் சான்றிதழ்.

முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். முன்னறிவிப்புக்கு 21 நாள் உண்டு. பதிவு இலாகாவில் செய்யலாம். அதிகாரம் பெற்ற துணைப் பதிவாளர் உள்ள கோயிலிலும் செய்யலாம். "ஊரறியத் தாலி கட்டியாச்சு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பின்னால் அலைவது பெரும்பாலும் பெண்தான். ஆகவே தம்பி, கையெழுத்துப் போடும் நாளையும் கேட்டு வைத்துக்கொண்டு, பேனா பிடித்த அந்தக் கைகளையும் எடுங்கள். பதிவு நாள் எது என்று நீங்கள் கேட்பதே அந்தக் குடும்பத்துக்கு ஒரு நினைவூட்டலாகிவிடும்.

எடுத்த பிறகு

கல்யாணம் முடிந்த அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி தண்ணீரில் விழுந்தால் கல்யாணமும் சேர்ந்து முழுகிவிடும். நல்ல படங்களில் ஒரு முப்பதாவது காகிதத்தில் அச்சிடச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பின்னும் பெயர், உறவு, தோட்டம், தேதி எல்லாவற்றையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள்.

பாண்டிச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த சாதாரண மக்களின் படங்களைத் தேடிப் பிரதியெடுத்துப் பாதுகாத்திருக்கிறார்கள். வீட்டுப் பரணில் கிடந்த படம் இன்று சரித்திரமாகியிருக்கிறது. நம் தோட்டத்துப் படங்களை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. சொந்தக்காரப் பிள்ளைதானே என்று காலை ஐந்து மணி முதல் நிற்கவைத்து, கடைசிப் பந்தியில்கூடச் சோறு போடாமல் அனுப்பாதீர்கள். வேலை என்றால் வேலைதான். அதற்கு மரியாதை உண்டு. பேட்டரிக்கும் அச்சுக்கும் ஆன செலவையாவது கையில் கொடுங்கள்.

தம்பி தங்கைகளே, கை நடுங்கினால் நடுங்கட்டும். பெயர்ப் பட்டியல் சட்டைப் பையில் இருக்கட்டும். பந்தி முடிவதற்குள் அதை எடுத்து ஒரு தடவை பாருங்கள். விட்டுப்போன பெயர் எது என்று தெரிந்தால், அவர் வீடு திரும்பும் முன் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள்.